'போஸ்ச்சர்' என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் எத்தனை நிலைகள்?

நடுவூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதியோருக்கான உடற்பயிற்சிக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணியை ஏற்றிருக்கிறேன். மூலத்தில் 'போஸ்ச்சர்' என்ற சொல் ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறது. நாற்காலியில் அமரும் விதம், உறங்கும்போது படுக்கும் விதம், நடக்கையில் தோளும் கழுத்தும் இருக்க வேண்டிய விதம் ஆகியவற்றுக்கு மட்டுமன்றி, எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சரிவதைச் சொல்லும் இடத்திலும், நுரையீரலில் தேங்கிய சளியை வெளியேற்றும் சிகிச்சையைச் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான் ஆளப்பட்டுள்ளது.

எனக்கு முன்பு இதைத் தொட்டவர் எல்லா இடங்களிலும் 'உடல்நிலை' என்று எழுதிவிட்டார். 'உங்கள் உடல்நிலையை அவ்வப்போது சரிசெய்துகொள்ளுங்கள்' என்று படிக்கும் முதியவர் மருந்துக் கடைக்குத்தான் போவார். இணையத்தில் பரவலாகக் காணப்படும் 'உடல் தோரணை' எனக்கு ஒப்பவில்லை. தோரணை என்றாலே அதிகாரத் தோரணை, பண்ணையார் தோரணை என்று ஒரு மிடுக்கு ஒட்டிக்கொள்கிறது. 'அமர்வு நிலை' என்றால் நிற்பதும் படுப்பதும் விடுபடுகின்றன. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே சொல் தமிழில் உண்டா, இல்லையென்றால் எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்று அன்பர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சொல்லாய்வன் எழுதியது:

நடுவூரான் அவர்களுக்கு, முதலில் அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். இலத்தீனில் 'போனெரெ' என்பது வைத்தல் என்னும் பொருளுடைய வினை. அதிலிருந்து வைக்கப்பட்ட விதத்தைக் குறிக்கும் 'பொசிதூரா' உண்டாகி, இத்தாலியத்தில் 'பொஸ்தூரா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆகவே, அடிப்படையில் அது உறுப்புகளை ஒன்றுக்கொன்று எவ்வாறு வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லும் சொல். அதில் உடல்நலமும் இல்லை, அழகும் இல்லை.

ஆனால், சொல் அங்கேயே நிற்கவில்லை. உடலை வில்லாக வளைத்தும் முறுக்கியும் காட்டிப் பிழைத்த வித்தைக்காரர்களை 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் இலண்டன்வாசிகள் 'போஸ்ச்சர் மாஸ்டர்' என்று அழைத்தார்கள். நம் ஊர்க் கழைக்கூத்தாடிகளுக்கு உறவுக்காரர்கள் என்று கொள்ளலாம். வேண்டுமென்றே ஒரு நிலையை மேற்கொண்டு பிறருக்குக் காட்டுதல் என்ற பொருள் இவ்வாறு அச்சொல்லோடு நெடுநாளாகவே ஒட்டியிருக்கிறது. இன்று ஓர் அரசியல்வாதி 'போஸ்ச்சரிங்' செய்கிறார் என்று ஆங்கில நாளிதழ் எழுதினால், அவர் சொல்வதைச் செய்யும் எண்ணமில்லாமல் வீராப்புக் காட்டுகிறார் என்பதே பொருள்.

இதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொற்களை வைத்துப் பார்ப்பது பயன்தரும். 'ஆட்டிட்யூட்' என்பது இன்று மனப்பான்மையைக் குறித்தாலும், ஆங்கிலத்தில் அது முதலில் ஓவியரும் சிற்பியரும் ஓர் உருவத்தின் நிற்கும் பாங்கைச் சொல்லப் பயன்படுத்திய சொல்லாகவே இருந்தது. விமானிகள் இன்றும் விமானத்தின் மூக்கு அடிவானத்துக்கு மேலா கீழா, இறக்கை எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதையே அச்சொல்லால் குறிக்கிறார்கள். புகைப்படக்காரர் சொல்லும் 'போஸ்' என்பதன் வேர் வேறு. அது 'நிறுத்துதல்' என்னும் பொருளுடைய 'பௌசாரெ' என்ற பிற்கால இலத்தீன் வினையிலிருந்து வந்து, ஒலி ஒப்புமையால் 'போனெரெ' குடும்பத்தோடு கலந்துவிட்டது.

எனவே ஆங்கிலத்திலேயே அச்சொல்லுக்குக் குறைந்தது நான்கு முகங்கள் உள்ளன. இந்த நொடியில் உடல் இருக்கும் நிலை ஒன்று. ஒருவர் தம் உடலைத் தாங்கிச் செல்லும் நெடுநாள் பழக்கம் இன்னொன்று. ஒரு நாடோ நிறுவனமோ எதையும் எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்கும் விதம் மூன்றாவது. நான்காவது, வெறும் காட்டிக்கொள்ளல். இவை அனைத்தையும் ஒற்றைத் தமிழ்ச் சொல்லுக்குள் அடைக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு ஏன்?

அகராதிப்பித்தன் எழுதியது:

கட்டாயம் உண்டு என்பதே என் கருத்து. கலைச்சொல் என்பது இடத்துக்கு இடம் மாறினால் அது கலைச்சொல்லே அன்று. கையேட்டின் பின்னிணைப்பில் சொற்பட்டியல் போடும்போது ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஆறு தொடர்களை எழுதினால், அடுத்து வரும் மொழிபெயர்ப்பாளர் ஏழாவதைச் சேர்ப்பார். 'மெய்ந்நிலை' என்று ஒன்றை நிறுவிவிட்டு, அமர் மெய்ந்நிலை, நில் மெய்ந்நிலை, கிடை மெய்ந்நிலை என்று விரித்துக்கொள்ளலாம். மெய் என்பது உடலுக்கு நம் மொழியில் தொன்றுதொட்டு வழங்கும் சொல் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இயன்முறையர் எழுதியது:

அகராதிப்பித்தன் ஐயா பொறுத்தருள வேண்டும். 'மெய்நிகர்' என்பதை ஒவ்வொரு கைப்பேசி விளம்பரத்திலும் பார்க்கும் இன்றைய வாசகர் 'மெய்ந்நிலை' என்றதும் உண்மை நிலை என்றோ கணினி தொடர்பான ஏதோ ஒன்று என்றோதான் நினைப்பார். நோயாளிகளுக்குத் தினந்தோறும் பயிற்சி சொல்லித் தருபவள் என்ற முறையில், சொல்லுக்குப் பின்னால் உள்ள செயல்களைப் பிரித்துக் காட்ட விரும்புகிறேன்.

எங்கள் துறையில் உடலைக் கிடத்தி வைத்திருக்கும் நிலை வேறு, உடல் தன்னைத் தானே தாங்கும் நிலை வேறு. செவிலியர் ஒரு நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் அது முதல் வகை. நோயாளி தாமாகவே எழுந்து நிற்கும்போது நடப்பது இரண்டாம் வகை. அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும் மனிதர் உண்மையில் ஓயாமல் முன்னும் பின்னுமாகச் சிறிதளவு ஆடிக்கொண்டிருக்கிறார். கெண்டைக்கால் தசைகளும் இடுப்புத் தசைகளும் ஒவ்வொரு கணமும் அதைத் திருத்துகின்றன. உடல் எப்பக்கம் சாய்கிறது என்ற செய்தியைக் கண்களும், உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பும், உள்ளங்கால் தோலும், மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர் நரம்புகளும் மூளைக்கு அனுப்புகின்றன. நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி மங்கிய முதியவர், விளக்கை அணைத்ததும் தள்ளாடுவது இதனால்தான். காலிலிருந்து வரும் செய்தி ஏற்கெனவே குறைந்திருக்க, கண்ணிலிருந்து வருவதும் நின்றுவிடுகிறது. ஆகவே கையேட்டில் விழாமல் தடுப்பது பற்றிய பகுதியில் அந்தச் சொல் வந்தால், அங்கே 'நிலை' என்று எழுதுவதைவிடச் 'சமநிலை', 'உடலைத் தாங்கும் திறன்' என்று எழுதுவதே வாசகருக்குப் பயன்படும்.

இரத்த அழுத்தம் பற்றிய இடத்தில் சொல்லை மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை. படுத்திருந்தவரோ உட்கார்ந்திருந்தவரோ எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள், மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 மில்லிமீட்டர் பாதரசம் குறைந்தால் அதை மருத்துவர்கள் 'போஸ்ச்சுரல் ஹைப்போடென்ஷன்' என்று குறிக்கிறார்கள். எழுந்தவுடன் இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்குவதும், இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதை ஈடுசெய்யத் தவறுவதுமே காரணம். 'எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் சரிதல்' என்று எழுதினால் வாசகருக்கு எல்லாம் புரிந்துவிடும். படுக்கையிலிருந்து எழுவதற்கு முன் சற்று நேரம் ஓரத்தில் உட்கார்ந்து, கால்களை அசைத்துவிட்டு, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழச் சொல்லுங்கள். சளி வெளியேற்றும் சிகிச்சையும் அவ்வாறே. நுரையீரலின் எந்தப் பகுதியில் சளி தேங்கியிருக்கிறதோ அந்தப் பகுதி மேலே இருக்குமாறு ஆளைச் சாய்த்தோ கவிழ்த்தோ படுக்கவைத்துப் புவியீர்ப்பாலேயே வடியச் செய்கிறோம். 'சளி வடியும்படி உடலைக் கிடத்துதல்' என்று நாங்கள் சொல்வது எவருக்கும் விளங்குகிறது.

சொல்லாய்வன் குறிப்பிட்ட நான்காவது முகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மருத்துவத்தில் 'போஸ்ச்சரிங்' என்ற சொல் பாசாங்குக்கு நேர்மாறானது. தலையில் கடுமையாக அடிபட்டு நினைவிழந்தவரின் கைகள் தாமாக மடங்கி நெஞ்சின் மேல் இறுகுவதையும், அல்லது கைகால்கள் விறைத்து நீண்டு முறுக்கிக்கொள்வதையும் அது குறிக்கிறது. நினைவிழப்பின் ஆழத்தை அளக்க 1974-இல் வெளியான கிளாஸ்கோ கோமா அளவுகோலின் இன்றைய வடிவில் தசையியக்கத்துக்கு உள்ள 6 புள்ளிகளில், முதலாவதற்கு 3-உம் இரண்டாவதற்கு 2-உம் தரப்படுகின்றன. நீண்டு விறைப்பது பொதுவாக மூளைத்தண்டு வரை எட்டிய கேட்டைக் காட்டுவதால் அதுவே கூடுதல் அச்சம் தரும் அறிகுறி. அதே சொல்லை மனநல மருத்துவர்கள், 'கேட்டட்டோனியா' எனப்படும் உறைநிலைக்கு ஆளானவர் புவியீர்ப்புக்கு எதிராகக் கையையோ காலையோ தூக்கியபடி நெடுநேரம் வைத்திருப்பதற்கும் பயன்படுத்துகிறார்கள். மருத்துவ அறிக்கையில் இதை ஒருவர் அகராதியைப் பார்த்துப் 'பாசாங்கு செய்கிறார்' என்று தமிழாக்கினால் விளைவு என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

குடந்தைக்காரன் எழுதியது:

ஒற்றைச் சொல் தேடுவோர் ஒருமுறை பெருமாள் கோயிலுக்குள் போய் வரலாம். நின்ற திருக்கோலம், இருந்த திருக்கோலம், கிடந்த திருக்கோலம் என்று மூன்றாகப் பிரித்து வைத்ததில் நம் முன்னோருக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. உத்திரமேரூர் சுந்தரவரதராசப் பெருமாள் கோயிலில் கீழ்த்தளத்தில் நின்றும், நடுத்தளத்தில் அமர்ந்தும், மேல்தளத்தில் பள்ளிகொண்டும் காட்சி தருகிறார். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலிலும் மதுரைக் கூடலழகர் கோயிலிலும் அதே மூன்று கோலங்கள் மூன்று தளங்களில் உள்ளன.

இந்த மூன்றுக்கும் இடைப்பட்ட நிலைக்குக்கூடப் பெயர் உண்டு. எங்கள் குடந்தைச் சாரங்கபாணி முழுதாகப் படுத்தவரும் அல்லர், எழுந்தவரும் அல்லர். படுக்கையிலிருந்து எழத் தொடங்கிய கணத்தில் நிலைத்துவிட்டவர். 'கிடந்தவாறு எழுந்திருந்து பேசு' என்று திருமழிசையாழ்வார் வேண்டியதற்கு இணங்கித் தலையை உயர்த்தினார் என்பது ஐதிகம். உத்தான சயனம் என்று அதற்குப் பெயர். காஞ்சியில் சொன்னவண்ணம் செய்த பெருமாள், பிற தலங்களில் பள்ளிகொண்டிருக்கும் திசைக்கு மாறாகக் கிடப்பதும் அதே ஆழ்வாரோடு தொடர்புடைய கதையே.

படிமம் வார்க்கும் ஸ்தபதிகளிடம் கேட்டால் இன்னும் நுட்பமாகப் பிரிப்பார்கள். உச்சியிலிருந்து தொங்கவிட்ட நூல் இரு பாதங்களுக்கும் நடுவே விழுமாறு நேராக நிற்பது சமபங்கம். எடை ஒரு காலில் மட்டும் சற்று இறங்கினால் ஆபங்கம். தலை, உடல், இடுப்பு மூன்றும் மூன்று திசையில் வளைந்தால் திரிபங்கம். அந்த வளைவு மிகுந்து வேகம் காட்டினால் அதிபங்கம். அமர்ந்தவற்றிலும் ஒரு காலை மடக்கி மறு காலைத் தொங்கவிடுவது, இரு முழங்காலையும் உயர்த்திக் குந்தியிருந்து இடுப்போடு யோகபட்டம் என்னும் பட்டையைக் கட்டுவது என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் சொன்ன மாத்திரத்தில் மெழுகில் கை எங்கே போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

'கோலம்' என்பதையே கையேட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாமா என்று எவரேனும் கேட்பதற்கு முன் நானே மறுத்துவிடுகிறேன். கோலத்தில் அணியும் உடையும் அலங்காரமும் சேர்ந்துவிடுகின்றன. 'கோலத்தைச் சரிசெய்யுங்கள்' என்றால் முதியவர் வேட்டியைத்தான் இழுத்துவிட்டுக்கொள்வார்.

வலிகாமத்தான் எழுதியது:

குடந்தைக்காரன் குறிப்பிட்ட 'இருந்த திருக்கோலம்' பற்றி ஒரு சிறு சேர்க்கை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் விருந்தினரைக் 'கதிரையில் இருங்கோ' என்றுதான் உபசரிப்போம். இருத்தல் என்பது எங்களுக்கு இன்றும் அமர்தலே. தமிழகத்து நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது என் தாயார் 'இருங்கோ, இருங்கோ' என்று பலமுறை சொல்லியும், தம்மைக் காத்திருக்கச் சொல்வதாக எண்ணி அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே நடுவூரான் அவர்களின் கையேடு இலங்கையிலும் படிக்கப்படும் என்றால், 'நீங்கள் இருக்கும் நிலை' என்ற தொடர் எங்களுக்கு நாற்காலியில் அமர்ந்த விதத்தையும், சென்னை வாசகருக்கு வாழ்க்கைச் சூழலையும் குறிக்கும். 'உட்காரும் விதம்', 'அமரும் விதம்' இரண்டும் இரு கரைகளிலும் விளங்கும்.

நடுவூரான் எழுதியது:

மிக்க நன்றி. கையேடு இரு நாடுகளுக்கும் போகவிருப்பதால் இது மிகவும் உதவும். மூலத்தில் தரையில் குத்தவைத்து அமர்வதைத் தவிர்க்கச் சொல்லும் வரி ஒன்றும் உள்ளது. தென்மாவட்டங்களில் 'குத்தவைத்தல்' என்பதற்குப் பெண் பூப்பெய்துதல் என்ற பொருளும் வழங்குவதால், அங்கே 'குந்தி அமர்தல்' என்று மாற்றிவிட்டேன்.

நாளிதழ் மேசை எழுதியது:

கையேட்டுக்கு இது நேரடியாகத் தேவைப்படாது என்றாலும், மூன்றாவது முகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். பாதுகாப்புச் செய்திகளைத் தமிழாக்குவோருக்கு இச்சொல் தீராத தலைவலி. அமெரிக்கா 1994, 2002, 2010, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் தன் அணு ஆயுதங்கள் குறித்த 'போஸ்ச்சர்' மறுஆய்வுகளை மேற்கொண்டு முடித்தது. இந்தியாவும் 2003 சனவரியில் வெளியிட்ட அறிவிப்பில், அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்பதை அதே சொல்லால்தான் குறித்தது.

இவற்றைத் தமிழ் ஏடுகள் 'நிலைப்பாடு' என்று எழுதுகின்றன. இந்திய அறிவிப்புக்கு அது பொருந்தும், ஏனெனில் அது ஒரு கொள்கை உறுதி. அமெரிக்க அறிக்கைகளுக்கு அது பாதிதான் பொருந்தும். எத்தனை ஆயுதங்கள், அவை நீர்மூழ்கிகளிலா விமானங்களிலா நிலத்தடி ஏவுதளங்களிலா, எவ்வளவு விரைவில் ஏவக்கூடிய ஆயத்தத்தில் உள்ளன, எதிரி அதை எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும் என்று நாடு விரும்புகிறது ஆகிய அனைத்தும் அச்சொல்லுக்குள் அடங்குகின்றன. மல்லன் களத்தில் இறங்கிக் காலை அகட்டி நிற்பது போன்றது அது. அவன் இன்னும் அடிக்கவில்லை, ஆனால் எப்படி அடிப்பான் என்பது அவன் நிற்பதிலேயே தெரிகிறது. 'படை நிறுத்தம்' என்று ஒருமுறை ஒரு பயிற்சியாளர் எழுதியதைக் கடைசி நேரத்தில் பிடித்தோம். வாசகர் போர்நிறுத்தம் என்று படித்திருப்பார். இப்போது 'படைகள் நிலைகொண்டுள்ள விதம்', 'படை ஆயத்த நிலை' என்று இடத்துக்கேற்ப எழுதுகிறோம். கணினிப் பாதுகாப்பு நிறுவனங்கள் சொல்லும் 'செக்யூரிட்டி போஸ்ச்சர்' என்பதற்கும் 'பாதுகாப்பு ஆயத்த நிலை' பழுதில்லாமல் பொருந்துகிறது.

அரைமண்டி எழுதியது:

நிலை என்ற சொல்லிலேயே அசைவின்மை இருக்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் 108 கரணங்களைச் செதுக்கத் திட்டமிட்டு, 81-ஐ முடித்து, மீதி 27 கற்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். சிதம்பரம் கோபுரங்களிலும் அவை உண்டு. பார்ப்பவர்கள் அவற்றை ஆட்டத்தின் நிலைகள் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் நாட்டிய இலக்கணம் கரணம் என்பதைக் கையும் காலும் இசைந்து இயங்கும் ஓர் அசைவாகவே வரையறுக்கிறது. சிற்பி அந்த அசைவிலிருந்து ஒரே ஒரு கணத்தைத்தான் கல்லில் பிடிக்க முடியும். அது தொடக்கமா, நடுவா, முடிவா என்பது ஆடிப் பார்த்தவருக்கே தெரியும்.

எங்கள் வகுப்பில் ஆசிரியர் 'இன்னும் நன்றாக உட்கார்' என்று அதட்டினால், நின்றுகொண்டிருக்கும் மாணவி முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து இன்னும் தாழ வேண்டும் என்று பொருள். அரைமண்டி என்பது உட்கார்வதும் அன்று, நிற்பதும் அன்று. தொடையும் முதுகும் முழுமூச்சாக வேலை செய்துகொண்டிருக்கும் நிலை அது. உடலின் நிலை என்பதும் ஒரு வேலைதான் என்று இயன்முறையர் எழுதியதை ஆடுபவர்கள் எவரும் மறுக்க மாட்டார்கள்.

கரிசல்காட்டான் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் யாரும் யார் முன்னால் எந்த நிலை என்ற கேள்வியைத் தொடவில்லை. மனிதர்கள் நடப்பதும் அமர்வதும் நீந்துவதும்கூடச் சமூகம் கற்றுத்தந்த நுட்பங்களே என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1934-இல் நிகழ்த்திய உரையில் விளக்கினார். அமெரிக்கரான கார்டன் ஹியூஸ் 1955-இல், மனித உடல் ஏறத்தாழ 1,000 நிலைகளில் வசதியாக நிலைத்திருக்க வல்லது என்றும், அவற்றுள் எவை வழக்கில் உள்ளன என்பது பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுகிறது என்றும் எழுதினார். நாற்காலியில் பழகியவர் குந்தி அமர முடியாமல் திணறுவதும், குந்திப் பழகியவர் அப்படியே அரைநாள் இருப்பதும் எலும்பின் வேறுபாட்டால் அன்று, பழக்கத்தால்.

நம் ஊரில் அந்தப் பழக்கம் சாதியோடும் பின்னிக் கிடந்தது. தோளில் கிடந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கியோ இடுப்பில் கட்டியோ, முதுகைக் கூனி, கைகட்டி நிற்க வேண்டியிருந்தவர்களின் தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரியவர் முன் கால்மேல் கால் போட்டு அமர்ந்ததற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. கூனிக்குறுகி, அடக்க ஒடுக்கமாக, பவ்வியமாக, விறைப்பாக, மிடுக்காக என்று தமிழில் உடலின் நிலையைச் சொல்லும் சொற்களில் பெரும்பகுதி, உடலை மட்டும் சொல்லவில்லை, அந்த உடலுக்குரியவர் சமூகத்தில் எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. அதனால்தான் மருத்துவக் கையேட்டுக்கு ஏற்ற நடுநிலையான சொல் அகப்படுவது இவ்வளவு கடினமாக இருக்கிறது.

அமெரிக்காவிலும் 'நேராக நில்' என்பது வெறும் மருத்துவ அறிவுரையாக இருக்கவில்லை. 1914-இல் உடல் நிமிர்வுக்காகவே ஒரு சங்கம் அங்கே தோன்றியது. புகழ்பெற்ற சில பல்கலைக்கழகங்கள் 1960-கள் வரை புதிய மாணவர்களை ஆடையின்றிப் படம்பிடித்து அவர்கள் நிற்கும் விதத்தை ஆராய்ந்தன. கூன் விழுந்தவரை ஒழுக்கம் குறைந்தவராகவும் சோம்பேறியாகவும் பார்க்கும் மனப்போக்கு அந்த ஆய்வுகளின் பின்னணியில் இருந்தது.

இயன்முறையர் எழுதியது:

கரிசல்காட்டான் சொன்னதிலிருந்து நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய செய்திக்கு வருகிறேன். 'தவறான போஸ்ச்சர் முதுகுவலியை உண்டாக்கும்' என்ற வரி கையேட்டில் இருக்கும் என்பது உறுதி. அதை அப்படியே தமிழாக்க வேண்டாம்.

சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் தன்னார்வலர்களின் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்கார்வதில் அழுத்தம் கூடுதல் என்று அவர் கண்டது, 'உட்கார்ந்தால் வட்டு நசுங்கும்' என்ற பரவலான அச்சத்துக்கு வித்திட்டது. 1999-இல் செருமானிய ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் வட்டில் உணரியைப் பொருத்தி நாள் முழுதும் அளந்தபோது, நாற்காலியில் சரிந்து சாய்ந்திருந்த நேரத்தில் அழுத்தம் நிற்கும்போது இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் சரிந்து உட்கார்ந்தால் முதுகு கெட்டுவிடும் என்று அடித்துச் சொல்ல அது இடம் தரவில்லை.

கைப்பேசியைக் குனிந்து பார்த்தால் கழுத்தின் மேல் 27 கிலோ சுமை ஏறுகிறது என்ற படம் உங்கள் குடும்பக் குழுக்களிலும் சுற்றியிருக்கும். அது 2014-இல் வெளியான ஒரு கணினி மாதிரியின் கணக்கு. தலையை 60 பாகை முன்னால் சாய்த்தால் கழுத்துத் தண்டின் மேல் வரும் விசை பற்றியது. அதில் எவருடைய வலியும் அளக்கப்படவில்லை. 2018-இல் பிரேசிலில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரிடம் நடந்த ஆய்வு, கைப்பேசியைப் பார்க்கக் கழுத்தைக் குனிப்பதற்கும் கழுத்துவலிக்கும் தொடர்பு காணவில்லை.

இதனால் எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம் என்று நான் சொல்லவில்லை. எலும்புத் தேய்வால் முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழுந்தவருக்கு, பாரம் தூக்குபவருக்கு, அறுவைக்குப் பின் தேறுபவருக்கு உடலை வைக்கும் விதம் மிக முக்கியம். மற்றவர்களுக்கு, ஒரே நிலையில் நெடுநேரம் அசையாதிருப்பதைத் தவிர்ப்பதும் தசைகளை வலுவாக்குவதும் எந்த ஒரு 'சரியான' நிலையையும் விடப் பயன் தருவன. வலியோடு வருபவரிடம் 'நீங்கள் உட்காரும் விதம்தான் காரணம்' என்று சொல்லி அனுப்பினால், அவர் அசையவே அஞ்சித் தம் உடலை இரும்புக்கம்பி போல் இறுக்கிக்கொள்வார். அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் பிறகு எங்களுக்குப் பெரும்பாடு.

நடுவூரான் எழுதியது:

நீங்கள் சொன்னது போலவே அந்த வரி மூலத்தில் இருக்கிறது. கையேட்டைத் தயாரித்தவர்களுக்கு உங்கள் கருத்தை எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் இசைந்தால், 'ஒரே விதமாக நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் முதுகில் பிடிப்பு ஏற்படலாம். அவ்வப்போது எழுந்து நடங்கள்' என்று அமையும்.

மற்ற இடங்களைப் பின்வருமாறு மாற்றியிருக்கிறேன். உறங்குவது பற்றிய பகுதியில் 'படுக்கும் விதம்'. அங்கே மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற என்று மூன்று சொற்களும் இருக்கும்போது பொதுச்சொல்லுக்கு வேலையே இல்லை. நடைப்பயிற்சியில் 'உடலை வைத்துக்கொள்ளும் விதம்'. தலைசுற்றல் பகுதியில் 'எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் சரிதல்'. விழாமல் காத்துக்கொள்ளும் பகுதியில் 'சமநிலை'. 'நிமிர்ந்து உட்காருங்கள்' என்று வந்த இடங்களில், கரிசல்காட்டான் எழுதியதைப் படித்த பிறகு, 'முதுகுக்கு ஒரு தலையணை வைத்து வசதியாகச் சாய்ந்து உட்காருங்கள்' என்று எழுத விரும்பினேன். ஆனால் உணவு உண்ணும் பகுதியில் தலையணை மட்டும் போதாது என்று தோன்றுகிறது. அங்கே புரையேறாமல் இருக்க நேராக அமர வேண்டும் என்பதுதானே நோக்கம்?

இயன்முறையர் எழுதியது:

ஆம். அந்த ஓரிடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். விழுங்கச் சிரமப்படும் முதியவர் சாய்ந்தபடி உண்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் அழற்சி வரலாம். 'உண்ணும்போது நேராக உட்காருங்கள், முகவாயைச் சற்றுத் தாழ்த்தி விழுங்குங்கள், உண்டு முடித்தபின் அரைமணி நேரமாவது படுக்காதீர்கள்' என்று எழுதுங்கள். முகவாயைத் தாழ்த்துவது எல்லாருக்கும் பொருந்தாது என்பதால், விழுங்குதல் பயிற்சியாளரைக் கேட்கவும் என்று ஓர் அடிக்குறிப்பும் தேவை.

அகராதிப்பித்தன் எழுதியது:

கையேட்டின் உள்ளே நீங்கள் விரித்து எழுதுவதை இப்போது நான் எதிர்க்கவில்லை. வாசகர் முதியவர் என்னும்போது அதுவே முறை. ஆனால் பின்னிணைப்புச் சொற்பட்டியலில் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். 'மெய்ந்நிலை' வேண்டாமென்றால் 'உடல்வைப்பு' என்று எழுதலாமா? சொல்லாய்வன் காட்டிய இலத்தீன் வேருக்கும் அது நெருக்கமாக இருக்கிறது.

சொல்லாய்வன் எழுதியது:

வேருக்கு நெருக்கம்தான். ஆனால் 'உடல் வைப்பு' என்று இடம்விட்டு அச்சிட்டுவிட்டால், பிணவறையில் எழுதி மாட்டிய பலகை போலாகிவிடும். முதியோர் கையேட்டில் அந்த ஒரு பிழை நேரவே கூடாது. 'உடல் இருக்கும் விதம்' என்றால் வலிகாமத்தானுக்கு அது அமர்வது மட்டுமாகிவிடுகிறது. பட்டியலில் 'உடலை வைக்கும் விதம் (நிற்றல், அமர்தல், படுத்தல்)' என்று போட்டுவிடலாம் என்பது என் யோசனை.

நடுவூரான் எழுதியது:

அப்படியே போடுகிறேன். அச்சுக்கு அனுப்பும் முன் உணவுப் பகுதியை மட்டும் இயன்முறையர் அம்மாவின் பார்வைக்கு அனுப்பலாமா?

இயன்முறையர் எழுதியது:

தாராளமாக அனுப்புங்கள். சளி வடிக்கும் பகுதியின் படங்களையும் சேர்த்து அனுப்பினால் நல்லது. தலையைத் தாழ்த்திப் படுக்கவைக்கும் படம் இருந்தால், இதய நோய் உள்ளவர்களுக்கு அது கூடாது என்ற வரி படத்தின் அடியிலேயே வர வேண்டும்.